பில்லுக்குப் பதிலாகக் கற்பூரம்

என் கொழுந்தன் பிரபு ஒரு புளுகன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியிருந்தால் வேறு வார்த்தை போட்டிருப்பேன்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அவன் ஒரு கதையை ஆரம்பிக்கிறான். "எங்க அண்ணி கற்பூரத்த நம்பி திருட்டு போன் வாங்குனாங்க தெரியுமா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துத் தொலைக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் ஒரு இடத்தை மட்டும் அவன் சாம்பார் சாதத்தோடு சேர்த்து விழுங்கிவிடுகிறான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிரிவலப் பாதையில் எனக்கு இட்லிக் கடை. என் மகள் கவிதாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை அமைந்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தட்டில் என்ன வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் வாட்ச் போதும் என்றார். அவருடைய தம்பி பிரபு விடவில்லை.

"இப்ப யாரு அண்ணி வாட்ச் கட்றாங்க? நல்ல போனா வைங்க. சபையில நம்ம கௌரவம் எங்கயோ போய்டும்."

(போச்சு. எங்கேயோதான் போச்சு.)

புதுசு வாங்க எங்களுக்கு வசதி இல்லை. செகண்ட் ஹேண்டில் புதுசு மாதிரி ஒன்று பார்ப்பதாக முடிவானது. அந்தப் பௌர்ணமியன்று பிரபு ஒருவனைக் கடைக்குக் கூட்டி வந்தான். நெற்றி நிறைய விபூதி, செருப்பில்லாத கால், தோளில் துண்டு.

"அண்ணி, பாவம் இவரு. கூட்டத்துல எவனோ பர்ஸ அடிச்சிட்டானாம். ஊருக்குப் போவ பஸ்ஸுக்குக்கூட காசு இல்லியாம். போன வித்துட்டுப் போறேன்றாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. சாமி கும்பிட வந்தவனிடமா திருடுவது? நானும் அவனும் சேர்ந்து திருடர்களைத் திட்டினோம். என்னைவிட அவன் நன்றாகத் திட்டினான். திருடுகிறவன் கை அழுகிப் போக வேண்டும் என்றான். மனசு கேட்காமல் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் இட்லி வைத்தேன். சாப்பிட்டதற்குக் காசும் வாங்கவில்லை.

அதற்காக நான் ஏமாளி இல்லை. (அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.) கத்தரிக்காய் பொறுக்குவது போல அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன். சொத்தை எதுவும் இல்லை. பிறகு என்னிடம் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன்.

"இது உன் போன்தான்னு மலையப் பார்த்து கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு."

எங்கள் ஊரில் மலைதான் சாமி. என் கடையில் கடன் சொல்லிப் போகிறவர்கூட மலையைப் பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் போவார். மலைக்கு நேராகப் பொய் சொன்னவனால் ஊர் எல்லையை நடந்து தாண்ட முடியாது என்று நான் திடமாக நம்பியிருந்தேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. என் கற்பூரத்தையே வாங்கி, என் தீப்பெட்டியாலேயே கொளுத்தி, மலையைப் பார்த்து உள்ளங்கையால் அணைத்தான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். என் நம்பிக்கை வீண்போகவில்லை. அவன் ஊர் எல்லையை நடந்து தாண்டவில்லை. ஷேர் ஆட்டோவில் போனான்.

பிரபு அதில் புது சிம் ஒன்றைப் போட்டு நெட்டும் போட்டான். மறுநாள் காலையில் போன் தானாகப் பூட்டிக்கொண்டது. திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு நம்பர். எனக்கு இங்கிலீஷ் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும்.

"இன்னா பிரபு இது?"

"அப்டேட்டு அண்ணி. பெரிய போன்னா அப்படித்தான். தொடாதீங்க, அதுவா சரியாய்டும்."

சொன்னதோடு நிற்காமல் அவனே அதை ஜிகினாத் தாளில் சுற்றினான். செலோ டேப்பை உருளை தீருகிற வரைக்கும் ஒட்டினான்.

வேங்கிக்காலில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம். ஐயர் மைக்கைப் பிடித்து லக்னப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயர் வரும்போது சீர்த்தட்டு அலறியது. சாதாரண ரிங் இல்லை, ஆம்புலன்ஸ் அலறுவது போல. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் இதுவும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

நான் வாழைப்பழச் சீப்பைத் தள்ளிவிட்டுப் பொட்டலத்தை எடுத்தேன். தாள் கிழியவில்லை. டேப் உரியவில்லை. பல்லால் கடித்தேன். பெண்ணைப் பெற்றவள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேடையில் நின்று பரிசுப் பொட்டலத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். (வீடியோ இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள். கேட்காவிட்டாலும் காட்டுவார்கள்.)

அப்போதுதான் வாசலில் முக்காடு போட்ட ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மகனுடைய போன். தொலைந்த தன் போன் எங்கே இருக்கிறது என்று அதில் பார்த்துத்தான் எங்கள் மண்டபத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்தே அலறவும் விட்டிருக்கிறார். பின்னால் ஒரு போலீஸ்காரர்.

"யா அல்லா! கத்துது பாருங்க சார், அதான்! அதான் என் போனு!"

அவர் பெயர் மெஹருன்னிசா. டவுனில் வளையல் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமியன்று பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அவர் பையை அறுத்துப் போனை எடுத்திருக்கிறார்கள்.

போலீஸ்காரர் மேடை ஏறினார். ஐயர் ஒதுங்கினார். மைக்கை அணைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"பில் எங்கம்மா?"

"இல்ல சார்."

"பாக்ஸு?"

"இல்ல சார்."

"வித்தவன் பேரு, ஊரு, ஆதார் ஏதாச்சும் பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னாத்தப் பார்த்துதான் வாங்குன?"

"மலையப் பார்த்து கற்பூரம் அடிச்சான் சார்."

ஸ்பீக்கர் அதைச் சமையல் கட்டு வரைக்கும் கொண்டுபோனது. சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

மெஹருன்னிசா என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா, தொலைஞ்ச போனு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு ஸ்கிரீன்ல போட்டு விட்டிருந்தோமே, படிக்கலியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். போன் அலறுகிற வரை என் பக்கத்தில் நின்ற பிரபுவைக் காணவில்லை. பிறகு தெரிந்தது, ஐயா சமையல் கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளையின் தாய்மாமா தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "திருட்டுப் பொருள சபையில வைக்கிற வூட்லயா பொண்ணெடுக்கறது? கெளம்புங்க." கவிதா தலையைத் தூக்கவே இல்லை. பயத்தை மறைக்கத்தான் நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். திமிர் என்று நினைத்தவர்கள் நினைக்கட்டும்.

போலீஸ்காரர் தட்டையே தூக்கப் போனார். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகா குறுக்கே வந்தார். "பழத்த வச்சிட்டுப் போங்க சார். அது மேல கேஸ் இல்லியே." பிறகு தன் தம்பி பக்கம் திரும்பி, "ஜாஸ்தி பேசாத, உட்காரு. ஏமாந்தவங்க திருடங்க இல்ல" என்றார். கடைசியாக மைக்குக்கு நேராக என்னைக் கேட்டார்.

"ஏன் சம்பந்தி, உங்க பொண்ணுக்காவது பில் இருக்கா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வயிற்றைத் தட்டிக் காட்டினேன். "பில் இல்ல சம்பந்தி. பாக்ஸ் இங்கதான் இருக்குது."

தாய்மாமாவே சிரித்துவிட்டார். தட்டு மாற்றினோம். மெஹருன்னிசா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் பணம் போனது போனதுதான்.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். முன்பின் தெரியாதவனிடம் போன் வாங்கினால் பில் கேளுங்கள், பாக்ஸ் கேளுங்கள். ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்கிற போனின் அடையாள நம்பர் வரும். அது பாக்ஸில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். திருடு போனதென்று முடக்கிய போனா என்று பார்க்க அரசாங்கமே இணையதளம் வைத்திருக்கிறது. விற்கிறவன் போனில் இருக்கும் தன் இமெயில் கணக்கை உங்கள் கண் முன்னால் அழித்துக் காட்டட்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவனுக்கு இட்லி போடாதீர்கள்.

இன்றைக்கும் நான் முறுக்கு கொண்டுபோனால், "பில் இருக்கா அத்தை?" என்றுதான் மாப்பிள்ளை டப்பாவைத் திறக்கிறார். அதை நான் பொறுத்துக்கொள்வேன். பிரபுவைப் பொறுக்க முடியாது.

பிரபு, அடுத்த மாதம் என் பேத்திக்குக் காதுகுத்து. அதே மண்டபம்தான். மைக்குக்கும் சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் நீதான் வகுப்பிலேயே முதல் மார்க் என்று உன் அம்மா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அன்றைக்கு அந்தத் திரையில் இருந்ததைப் படித்தாயா, இல்லையா? படித்துவிட்டுத்தான் டேப் ஒட்டினாயா? எல்லோர் முன்னாலும் மேடை ஏறி, மைக்கில் பதில் சொல்.

கற்பூரம் கேட்க மாட்டேன்.