குடியிருந்தவர் எழுதிக் கொடுத்த நோட்டீஸ்

பென்னாகரம்,
15-2-1943

மொரப்பூரில் வசிக்கும் மச்சான் கிருஷ்ணப்பன் அவர்கள் சமூகத்துக்கு சென்னப்பன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை தீர்த்தம்மாளும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. நான் சுகம். உங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டபடியால் அவள் சுகத்தை நீங்களே நேரில் வந்து விசாரித்துக்கொள்ள வேண்டியது.

நிற்க. எங்கள் முன்னறையில் குடியிருந்த பட்டணத்துக்காரரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். போன சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது இந்த மனுஷர் ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார். அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். வாடகைச் சீட்டு எழுதிக்கொள்ளலாமா என்று அவரேதான் கேட்டார். நான் பெரிய மனுசனாட்டம், "நமக்குள்ள எதுக்குங்க சீட்டு?" என்று சொல்லிவிட்டேன். வாடகை ஒரு மாதமும் தவறவில்லை, அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வந்த வாரமே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார். தெருவிளக்கே இல்லாத எங்கள் தெருவை ஆகாயத்திலிருந்து எவன் பார்க்கப் போகிறான்? பிறகு கொல்லையில் பதுங்கு குழி வெட்டினார். அதில் எருமை விழுந்து, அதைத் தூக்கப் பாதி ஊர் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் படபடவென்று வெடித்துக்கொண்டு வந்தாலே, "எல்லாரும் எறங்குங்கோ!" என்று கத்தி எங்களைக் குழிக்குள் தள்ளுவார். உங்கள் தங்கை கையில் குழம்புக் கரண்டியோடு எத்தனை தடவை இறங்கியிருக்கிறாள் தெரியுமா?

இப்படியிருக்க மகள் கண்ணம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டி வந்தது. அறை வேண்டும். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். சீட்டு இல்லாததால் நோட்டீஸ் கொடுத்துக் கிளப்பும்படி நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள். கோர்ட்டுக் கச்சேரியில் செல்லும்படி நோட்டீஸ் எழுத இந்த ஊரில் யாரைத் தேடுவது? அவரிடமே போய், "ஒருத்தரை வூட்டை விட்டுக் காலி பண்ணணுங்க, ஒரு நோட்டீஸ் எழுதித் தரணும்" என்றேன்.

"யாரை?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு மாசம் அவகாசம் போட்டாத்தான் செல்லும், சென்னப்பன். அவசரப்பட்டா கேஸ் தோத்துடும்" என்று சொல்லி, முத்து முத்தாக எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவரே வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக எனக்கு ரசீதும் கொடுத்தார்.

அன்று முதல் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லாமல் போய்விட்டது. கெடு முடிந்த அன்று காலையில் பெட்டியோடு நின்றார். "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்க சாமி" என்றேன். "நான் எழுதின நோட்டீசை நானே மதிக்கலேன்னா வேற யார் மதிப்பா?" என்றார். பஸ்ஸில் ஏறியபின், கடிதாசி வந்தால் அனுப்ப விலாசம் கேட்டேன். சிரித்தார். "மொரப்பூர் ஸ்டேஷன்ல எறங்கினப்புறம்தான் விலாசத்தை யோசிக்கணும். பட்டணத்துல நான் இருந்த எடத்தை வேற ஆளுக்கு விட்டுட்டாங்க. அங்கேயும் எனக்குச் சீட்டு இல்லை." பஸ் நகர்ந்துவிட்டது. நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே சந்தை வரைக்கும் ஓடினேன், மச்சான். அந்தக் கரி பஸ் இரைச்சலில் எவனுக்குக் காது கேக்கும்?

வூட்டுக்கு வந்து சொன்னேன். "அந்த மனுசனுக்குப் போக எடம் இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் உங்கள் தங்கை. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. கண்ணம்மாளோ வந்து பார்த்துவிட்டு, "இருட்டா இருக்குதுப்பா, நான் அம்மாகிட்டயே படுத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள். முன்னறை சும்மா கிடக்கிறது. அவர் ஜன்னலில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கவும் எனக்குக் கை வரவில்லை.

ஆகையால் இதைக் கண்டதும் ஸ்டேஷனுக்குப் போய்த் தேடவும். கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷர், பெயர் ராஜப்பன். காலில் விழுந்தாவது அழைத்துவரவும். தீர்த்தமலை ஈசுவரன் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை சென்னப்பன்

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் உங்கள் கார்டு வந்தது. ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்த ராஜப்பன் என்ற பெரியவருக்கு இரக்கப்பட்டு உங்கள் பின்கட்டை விட்டிருப்பதாகவும், நல்ல மனுஷராகத் தெரிவதால் சீட்டு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றும் கண்டேன். ஆகவே மேலே எழுதிய எதுவும் வேண்டாம். அழைத்தாலும் இங்கே வரமாட்டார், அவர் எழுதிய நோட்டீஸ் இருக்கிறதே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மச்சான். நாளைக்கு என்ன நெருக்கடி வந்தாலும் அவரை நோட்டீஸ் எழுதச் சொல்லிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.