குகதாசனின் இறுதி ஓட்டம்

"அண்ணை, உங்கடை ஒழுங்கை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கொடி. ஆர் போய்ச் சேர்ந்தது?"

"ஒருத்தரும் போகேல்லை. இண்டைக்குக் கார் ஓட்டப் போட்டி. பின்னேரம் வாரும்," என்றார் குகதாசன்.

"ஓ... பின்னேரம் எனக்கொரு அலுவல் கிடக்கு." மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து இதே கதைதான்.

நீர்வேலிக்கு வெளியே, நமசிவாயத்தாரின் தரிசுக் காணியில் செம்மண் கொட்டி, பழைய டயர்களை அடுக்கிக் கார் ஓட்டத் திடல் அமைத்தவர் குகதாசன். தலைவர், செயலாளர், தண்ணீர் தெளிப்பவர் எல்லாம் அவரே. நடத்திய போட்டிகளுக்கு ஓட்டுபவர்கள் வந்தார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. போனமுறை கைதட்டக்கூட ஆளில்லாமல், பரிசு கொடுக்க வந்தவரே அதையும் செய்துவிட்டுப் போனார்.

"இந்தமுறையும் சனம் வராட்டி நாளைக்கு வாழைக்குட்டி நடுவன். கோவிக்காதையும்," என்று நமசிவாயம் சொல்லிவிட்டார். குகதாசனுக்கு அந்தத் திடல்தான் உயிர். இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொடி தைத்தது மனைவி நிரோஜினி. பந்தயக் கொடிக்குக் கட்டம் போட்ட துணி கிடைக்காததால், கறுப்பொன்று வெள்ளையொன்றாகத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"செத்தவீடு எண்டெல்லோ நினைக்கினம்!" என்றார் குகதாசன்.

"அப்ப உங்கடை படத்தைப் பெரிசாய்ப் போட்டுக் கட்டுங்கோ. ஆளைக் கண்டால் விளங்கும்தானே," என்றாள் அவள்.

பதாகை வந்தது. 'குகதாசன் நடத்தும் இவ்வாண்டின் இறுதி ஓட்டம்' என்று எழுதச் சொல்லியிருந்தார். படம் பெரிதாகிவிட்டதால், கடைக்காரர் இடத்துக்கேற்ப 'குகதாசன் - இறுதி ஓட்டம்' என்று சுருக்கிவிட்டார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றுவிட்டுப் போனார். பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற குகதாசனை அவர் கவனிக்கவேயில்லை.

"இனி ஒலிபெருக்கியிலைதான் சொல்ல வேணும். இன்னாசித்தம்பியிட்டை நான் கதைக்கிறன்," என்றாள் நிரோஜினி.

சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் ஊருக்கு அறிவிப்பது இன்னாசித்தம்பியின் ஆட்டோதான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகரத்த குரல் ஒழுங்கைகளில் மெல்ல ஊர்ந்தது.

"குகதாசன் அவர்களின்... இறுதி ஓட்டம்... இன்று பிற்பகல் மூன்று மணியளவில்... அன்னாரின் திடலில்... உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்..."

குகதாசன் தலையில் கையை வைத்துக்கொண்டு டயர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

மூன்று மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. வெள்ளை வேட்டிகள், கைக்குட்டைகள். முன்னால் கண் சிவக்க நமசிவாயம், கையில் மலர்வளையத்தோடு.

குகதாசன் மைக்கைப் பிடித்தார். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தனக்காக அழ இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததேயில்லை.

"நான்... இருக்கிறன்," என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "சரி, வந்தது வந்திட்டம். ஓட விடுங்கோ."

கார்கள் புழுதி கிளப்பின. முதல் சுற்றில் எல்லோரும் துக்கம் மாறாமல் பார்த்தார்கள். அடுத்த சுற்றில் யாரோ விசிலடித்தார். பிறகு வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு டயர்களில் ஏறி நின்று கத்தினார்கள். முதலாவதாய் ஓடி வென்ற இளைஞன் றோகானின் கழுத்தில் அந்த மலர்வளையமே விழுந்தது.

"வாழையை வேறை காணியிலை நடுவம். அடுத்த ஓட்டம் எப்ப?" என்றார் நமசிவாயம்.

சனம் கலைந்ததும் குகதாசன் இன்னாசித்தம்பியைப் பிடித்துக்கொண்டார். நிரோஜினி சற்றுத் தள்ளிக் குனிந்து கொடிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோடை இருக்கிறவனைச் சாகடிச்சுப் போட்டீரே! உமக்கு வேறை குரலே இல்லையோ?"

"திருவிழாக் குரலும் இருக்கு, அண்ணை. அக்காதான், 'திருவிழா எண்டால் அலுவல் கிடக்கெண்டு சாட்டுச் சொல்லுவினம் தம்பி, செத்தவீட்டுக் குரலிலையே வாசியும்' எண்டவா."