ஸ்டேஷன் மாஸ்டர் குஞ்சோடு வந்த குளிர்காலம்

அன்புள்ள கினுயோவுக்கு,

எந்தக் கடிதத்தையும் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பார் உன் அம்மா. அதனால் சொல்கிறேன். பனி ஜன்னலில் பாதிவரை ஏறிவிட்டது. காலையில் ஆற்றின் மேல் ஆவி எழுகிறது. நகோயாவில் பனியே இல்லையாம். உங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

நீயும் சாதொமியும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் அழைத்தால் நம் மகள் எடுக்கிறாள், "தாத்தாகிட்ட பேசு" என்று குழந்தையின் காதில் வைத்துவிடுகிறாள், அது மூச்சு விடுகிறது, நானும் மூச்சு விடுகிறேன், பிறகு யாரோ "குளிக்க நேரமாச்சு" என்கிறார்கள், பேச்சு முடிந்துவிடுகிறது. குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை என்று சொல்லிவிட்டு, போன வருடத்துக்கு முந்தின வருடம் இலை உதிரும்போது போனாய். இப்போது அது மேசையைச் சுற்றி ஓடுகிறதாம். நான் குறை சொல்லவில்லை. கழுத்து நின்றுவிட்டது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் இந்தக் குளிர்காலம் குஞ்சோடு வந்திருக்கிறார். நம் கொக்குதான். உச்சந்தலைச் சிவப்பு தொப்பிபோல இருக்கிறது, நடைமேடையில் போவதுபோல மைதானத்தை ஒரு முறை நடந்து பார்த்த பிறகே மற்றக் கொக்குகளைச் சோளம் கொத்த விடுகிறது என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். எத்தனை குளிர்காலம் அவரும் அவர் பெண்டாட்டியும் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து நீ உச்சுக்கொட்டினாய். இந்தத் தடவை பழுப்புக் கழுத்தோடு ஒன்று நடுவில் நடந்து வருகிறது. அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. போட்டோ காட்டுங்க, மறுநாளே கிளம்பி வர்றேன்."

போன வருடம் மூடுபனி. பக்கத்துக் குடும்பத்துக் குஞ்சு இவர்கள் பக்கம் வந்து நின்றால் அது என் தவறல்ல. இருந்தாலும் வாக்குக் கொடுத்தது நீ. அதனால் ஆண்டின் கடைசி வாரம் திங்கள் முதல் சனிவரை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கொக்கு மைதானத்து வேலியோரம் நின்றேன். உன் கால்களுக்குச் சூடு வைக்கும் பொட்டலங்களை என் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன், தீர்ந்துவிட்டன. பெரிய மெமரி கார்டு ஒன்று வாங்கு என்று ஊரே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டு அது தொலைந்தால் யார் பொறுப்பு? என்னிடம் சின்னச் சின்ன கார்டுகள் இருக்கின்றன. நீ விட்டுப்போன மாத்திரைப் பெட்டியில் கிழமைக்கு ஓர் அறை உண்டே, அன்றன்றைய கார்டை அந்தந்த அறையில் வைத்தேன்.

வியாழக்கிழமைவரை அந்தக் குடும்பம் தூரத்திலேயே நின்றது. வியாழன் மதியம் மூவரும் வேலிக்கு அருகில் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தலையைப் பின்னால் சாய்த்துக் கூவினார், அந்த அம்மாள் பதில் கூவினாள், இருவரும் ஆடத் தொடங்கினார்கள். குஞ்சுக்கும் ஆட ஆசை. சிறகை விரித்து எகிறி, பனியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தது. எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆளில்லை. பட்டனை அழுத்தியபடியே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகவில்லை. புத்தாண்டு சூப்புக்குப் போடும் கொம்பு கடற்பாசியைக் காணோம். உனக்கு அழைத்தேன். "சமையலறையைப் படம் எடுத்து ஒனோதெரா அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பச் சொல்லுங்க, எங்கே இருக்குன்னு சொல்றேன்" என்றாய். எடுத்தேன். எல்லா அலமாரியையும், எல்லா இழுப்பறையையும் எடுத்தேன். கொக்குக்காகக் கேமராவைச் சரமாரியாகச் சுடும்படி வைத்திருந்தேன், அதை மாற்றவில்லை, ஆகவே சோயா பாட்டில் ஒன்றே ஒரு ஊர்வலம் அளவுக்கு வந்தது.

அன்றே எல்லா கார்டுகளையும் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஒனோதெரா வந்திருந்தான். பேருந்து ஓட்டுவதை விட்ட நாளிலிருந்து அவனுக்கு நம் வீட்டில்தான் வேலை.

"அண்ணே, கார்டுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்க. தனித்தனியா."

"ஏன், திங்கக்கிழமை கொக்கும் செவ்வாக்கிழமை கொக்கும் ஒண்ணா இருந்தா சண்டை போடுமா?"

"சொன்னாக் கேளுங்க. உங்க கேமரா ஒவ்வொரு கார்டுலயும் ஒண்ணுலருந்து நம்பர் போடுது."

"நான்தான் அப்படி வெச்சேன். புதுக் கார்டுன்னா ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்கணும்."

"அப்ப உங்க இஷ்டம். வந்து அழாதீங்க" என்று போய்விட்டான்.

இந்த வட்டாரத்துப் பால் கறக்கும் இயந்திரங்கள் அத்தனையையும் விளக்கப் புத்தகம் பார்க்காமல் பிரித்துப் பூட்டியவன் நான். திங்கள் கார்டை ஏற்றினேன். செவ்வாய் கார்டைப் போட்டதும் கணினி, இதே பெயரில் படம் இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று கேட்டது. பழையதைவிடப் புதியது நன்றாகத்தானே இருக்கும்? சரி என்றேன். எல்லாவற்றுக்கும் இப்படியே செய்யவா என்றது. இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? அதற்கும் சரி என்றேன். கடைசியாகச் சமையலறைக் கார்டையும் ஏற்றினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஆனால் அன்று ஆண்டின் கடைசி நாள். போன வருடத்து அழுக்கு ஒரு துளிகூடப் புது வருடத்துக்குப் போகக் கூடாது என்று நம் வீட்டில் சட்டம் போட்டது யார்? ஜன்னல் துடைத்தேன், அடுப்பின் பின்புறம் தேய்த்தேன், வாசல் பனியைத் தள்ளினேன், கார்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேமராவில் போட்டுச் சுத்தமாக அழித்தேன். நீ இருந்திருந்தால் பாராட்டியிருப்பாய்.

புத்தாண்டு அன்று படங்களைத் திறந்தேன். ஆடும் கொக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் மிசோ டப்பா. குஞ்சு விழுந்த இடத்தில் நீ ஊறுகாய் மேல் பாரமாக வைக்கும் கல். எல்லா கார்டுகளிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றல்ல என்பதால், சமையலறை முடிந்த பிறகு சில நாட்களின் வால் மட்டும் மிச்சம் இருக்கிறது. நாளின் வால் என்றால் உனக்கே தெரியும், சாயங்காலம் அவை ஆற்றுக்குத் திரும்பிப் பறக்கும் நேரம். வந்தது ஒன்றுகூட இல்லை. நின்றதும் இல்லை, ஆடியதும் இல்லை. போவது மட்டும்தான் இருக்கிறது, படத்துக்குப் படம் முதுகும் காலும், கடைசியில் வெறும் மலை. அவற்றை உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பிறகு சமையலறைப் படங்களையும் பார்த்தேன். அவற்றிலும் ஆள் இல்லை.

ஒனோதெரா வந்து பார்த்துச் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

"அண்ணே, அந்த கார்டுகள்ல இனிமே ஒண்ணும் எடுக்காதீங்க. குஷிரோல ஒரு கடைக்காரர் அழிஞ்சதையும் மீட்டுக் குடுப்பாரு."

"போனது போகட்டும். கண்டவன்கிட்டயும் போய்க் கெஞ்ச மாட்டேன்."

"நீங்க கெஞ்ச வேணாம். நான் கெஞ்சிக்கிறேன்."

"ஒரு மண்ணும் வேணாம்."

கார்டுகளோடு மாத்திரைப் பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, அங்கே இடம் இருந்தது.

ஆக, கினுயோ, என்னிடம் சாட்சி இல்லை. குஞ்சு வந்தது உண்மை, ஆடி விழுந்தது உண்மை, நீ நம்பினால் நம்பு. படம் காட்டினால் வருகிறேன் என்றாய், படம் இல்லை, ஆகவே நீ வர வேண்டிய கடமையும் இல்லை. சாலை முழுக்கப் பனிக்கட்டி, உன் முழங்காலுக்கு ஆகாது. குழந்தைக்கு நீ தேவை. எனக்கு ஒன்றும் தேவையில்லை. கொம்பு இல்லாமலே சூப் வைத்தேன், சூடாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். சாதொமி குளிரில் தலை ஈரத்தோடு அலைய வேண்டாம். குழந்தை நீண்ட ஆயுளோடு, யார் சொல்வதையும் கேட்கும் பிள்ளையாக வளரட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மொரிவாக்கி

பின்குறிப்பு: விடுமுறையும் பனிப்புயலுமாக இந்தக் கடிதம் தபாலில் சேராமல் மேசையிலேயே கிடந்தது. இன்று ஒனோதெரா மாத்திரைப் பெட்டியோடு வந்தான். திருட்டுப் பயல், என்னைக் கேட்காமல் குஷிரோவுக்கு எடுத்துப் போயிருக்கிறான். அத்தனையும் திரும்ப வந்துவிட்டது. வியாழக்கிழமையும் வந்துவிட்டது. மூவரும் தெளிவாக நிற்கிறார்கள், குஞ்சு எகிறுவதும் விழுவதும் திரும்பிப் பார்ப்பதும் இருக்கிறது. "இப்பவே அண்ணிக்கு அனுப்பிடவா?" என்றான். அனுப்பினால் கையை உடைத்துவிடுவேன் என்றேன். அனுப்பினால் நீ அங்கேயே பார்ப்பாய், குழந்தைக்குக் காட்டுவாய், ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து இரண்டு நாள் பேசிவிட்டு அங்கேயே இருந்துவிடுவாய். படம் இருக்கிறது, தர மாட்டேன். வேண்டுமானால் வந்து பார். குஞ்சுக்கு இன்னும் சரியாக ஆட வரவில்லை. பனி உருகுவதற்குள் கற்றுக்கொண்டுவிடும்.