பெயருக்கு மூன்று மதிப்பெண்

பட்டியல் போடாமல் என்னால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மின்விசிறி வாங்க ஆறு கடைகளை ஒப்பிட்டவன் நான். (அது வீடு வந்து சேர்ந்தபோது மழைக்காலம்.)

முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்ட ஆசை வந்ததும் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அட்டவணை தயாரித்தேன். முதலிடம் ஸ்காட்லாந்தில், உலகத் தரவரிசையில் உயரத்தில் இருந்த ஒன்றுக்கு; பெயருக்குப் பத்துக்குப் பத்து. கடைசி இடம், வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய சிறிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு. அதன் எதிரே எழுதினேன்: “பெயர்: 3. சொன்னால் யாருக்கும் தெரியாது. வேறெங்கும் கிடைக்காவிட்டால் மட்டும்.”

நான் ஆராய விரும்பியது இங்கே மலேசியாவில், பினாங்கில் ஓடும் சுங்கை பினாங் ஆற்றின் அசுத்தம். ஆறு எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

“ஆறு இங்க நாறுது. நீங்க அங்க போயி எதை மோந்து பாக்கப் போறீங்க?” என்றாள் என் மனைவி கமலா.

“பேர்தான் முக்கியம்லா” என்றேன்.

அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சரோஜா பல ஆண்டுகளாக அதே ஆற்றில் இறங்கி நீர் அள்ளி ஆராய்பவர். என்னை மாணவனாக ஏற்க வாய்மொழியாகச் சம்மதித்திருந்தார். ஸ்காட்லாந்து பதில் வரும்வரை அந்தச் சம்மதம் ஆறிவிடக் கூடாதே என்று, வருவோர்க்கெல்லாம் வீட்டைத் திறந்துவைத்து விருந்து தரும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவரை அழைத்தேன். அன்றைய வேலைப் பட்டியலில் ஒன்பதாவது: “குளிர்பெட்டிக் கதவிலுள்ள அட்டவணையை மறைத்தல்.” அதை எடுத்துச் சமையலறை இழுப்பறையில் வைத்து, டிக் போட்டேன்.

பேராசிரியர் வந்தார், முறுக்கைப் புகழ்ந்தார், கமலா கட்டிக்கொடுத்த டப்பாவோடு போனார். மாலையில் இழுப்பறை காலியாக இருந்தது.

“கமலா, இங்க இருந்த பேப்பர் எங்க?”

“எண்ணெய் இழுக்கட்டும்னு முறுக்குக்கு அடியில போட்டேன். ஒரு பக்கம் வெள்ளையாதான இருந்துச்சு?”

“எந்த டப்பாவுல?”

“புரொஃபசர் டப்பாவுல.”

அதே வாரம் ஸ்காட்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: வருந்துகிறோம், இடமில்லை. மற்ற மூன்றும் ஏற்கெனவே கைவிரித்திருந்தன. முறுக்குக்கு அடியில் போன பல்கலைக்கழகம் மட்டுமே மிச்சம்.

“ஸ்காட்லாந்துக்காரங்க உங்களுக்கு எத்தனை மார்க் போட்டாங்களாம்?” என்று கேட்டாள் கமலா.

பேராசிரியரை அழைக்கக் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு வாரம் போனது. (நாட்குறிப்பின்படி பதினோரு முறை.) எட்டாம் நாள் அவரே வாசலில் நின்றார், சேற்றுப் பூட்ஸோடு.

“வெறும் டப்பாவா திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல, தம்பி” என்று என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

உள்ளே உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த பத்து கறிபாப். அடியில் என் அட்டவணை, எண்ணெயில் கண்ணாடித் தாளாகி. பெயருக்கு நான் போட்ட மூன்றை அவர் திருத்தவில்லை. பக்கத்தில் பச்சை மையில் “சரி” என்றிருந்தது. எண்ணெய் படாத ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம்: “ஆற்றுக்கு அருகாமை.” ஸ்காட்லாந்துக்கு முட்டை, அவருக்குப் பத்து. கீழே: “முறுக்கு: 9. திங்கள் காலை ஏழு மணி, பாலத்தடியில். பூட்ஸ் கொண்டு வரவும்.”

ஐந்து ஆண்டுகள் அந்த ஆற்றில் நின்று பட்டம் வாங்கினேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இன்றும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். தீபாவளிதோறும் கமலா டப்பாவை நீட்டும்போது பேராசிரியர் உடனே வாங்கிக்கொள்வதில்லை. மூடியைத் திறந்து, முறுக்கை ஒருபுறம் ஒதுக்கி, அடியில் எட்டிப் பார்க்கிறார்.

“இந்த வருஷம் எத்தனை போட்டிருக்காரு?”