பேட்டரி மேல் போட்ட பழி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

கணினி வேதியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சோதனைக் குழாயைத் தொடாத வேதியியல் அது. மூலக்கூறு எப்படி வளையும், எதோடு ஒட்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லும். (இது வேதியியல்தான் என்று அப்பாவுக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை.) நாலு வருடம் முடிந்ததும், மூன்று மாதம் வெளியே வேலை பார்த்துவிட்டு வா என்று கைடு அனுப்பினார். பீளமேட்டில் சாயப்பொருள்களை ஆராயும் ஒரு சின்ன நிறுவனம். அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

முதல் நாளிலிருந்தே பயம். நிறுவனத் தலைவர் தும்மினால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து நிற்பேன். கடைசியில் அவர் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி கைடுக்கு அனுப்புவார். அந்த ஒரு பக்கத்தில்தான் என் நாலு வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. நான் ஓடவிட்டிருந்த கணக்கில் ஒரு எண் தப்பு. யாரும் பார்ப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில், அந்த ஒரு கணக்கை நிறுத்துவதற்குப் பதில், ‘இந்தப் பெயரில் ஓடுவதையெல்லாம் நிறுத்து’ என்று கட்டளை கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் பொதுவான அந்தக் கம்ப்யூட்டரில் எனக்கென்று தனிப் பெயர் கொடுக்கவில்லை, பக்கத்து மேசை நித்யா அக்காவும் அதே பெயரில்தான் ஓட்டுகிறார் என்பதெல்லாம் என்டரைத் தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அக்காவின் கணக்கு பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதன் முடிவை வைத்துத்தான் அவர் எல்லார் முன்னாலும் பேச வேண்டும்.

கழிப்பறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு, மூன்று முறை முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ற கணக்கு நின்னு கெடக்குது. நீ ஏதாச்சும் பாத்தியா கண்ணு?”

“இல்லீங்க்கா. கரண்ட் போயிட்டு வந்தாப்ல இருந்துச்சுங்க.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் அணையவே இல்லை என்பதை யாராவது கவனித்திருந்தால் அப்போதே மாட்டியிருப்பேன். ஆனால் யூ.பி.எஸ். போன மாதம்தான் ஒருமுறை படுத்திருந்ததால், எல்லாருக்கும் அதன் மேலேயே சந்தேகம் போனது.

“ஆளக் கூப்பிடுங்க” என்றார் தலைவர்.

துரைசாமி அண்ணன் வந்தார். எட்டு வருடமாக அங்கே யூ.பி.எஸ். பார்ப்பவர். பேட்டரியைச் சோதிக்கக் கம்ப்யூட்டரை மொத்தமாக அணைத்தார்கள். டார்ச் பிடிக்க என்னை நிறுத்தினார்கள்.

“எந்தூருங்க அம்மணி?”

“அன்னூருங்க.”

“அட, நம்மூரு! யாரு ஊடுங்க?”

சொன்னேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அது.

பதினாறு பேட்டரி. ஒவ்வொன்றாகக் கழற்றி, சோதித்து, மாட்டி முடிக்க மறுநாள் மதியமாகிவிட்டது.

“ஒண்ணுகூடக் கெடலீங்க சார்” என்றார் அண்ணன்.

“அப்பறம் எப்படி நின்னுச்சு? உங்க வேலை சரியில்லீங்க. அடுத்த மாசம் நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.” தலைவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அண்ணன் தோள்துண்டால் கடைசி பேட்டரியைத் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “எட்டு வருசமுங்க அம்மணி. என்ற பேட்டரி இப்படிப் பண்ணாதுங்க.”

தலைவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. குனிந்து அண்ணன் காதோடு சொன்னேன்: “அண்ணா, அது நானுங்க. நாந்தான் நிறுத்திப்போட்டேனுங்க.”

(ரகசியமாக வைத்துக்கொண்டு ஏதாவது வழி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.)

அண்ணன் துள்ளி எழுந்தார். மேலே இருந்த பலகையில் மண்டை ணங்கென்று இடித்தது. அதைச் சட்டையே செய்யாமல் சந்தோஷமாகக் கத்தினார்: “சார்! பேட்டரி இல்லீங்க! இந்த அம்மணிதானுங்க!”

மொத்த அறையும் திரும்பியது.

“கரண்ட் போச்சுன்னு சொன்னது?” என்றார் தலைவர்.

“அதும் நாந்தானுங்க சார்.”

நித்யா அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஏம்மணி, அது மணிக்கொருக்கா தானா சேமிச்சு வெச்சுக்குமே? நின்ன எடத்துல இருந்து ஓட்டிக்கலாமே? உனக்குத் தெரியாதா?”

தெரியும். ஜூனியர்களுக்கு அதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். பயத்தில் அத்தனையும் அழிந்துபோயிருந்தது. என் தப்பால் போனது ஒரு மணி நேரம்கூட இல்லை. என் பொய்யால் போனது ஒன்றரை நாள். வெள்ளிக்கிழமை அக்கா பாதி வரைபடத்தோடு நின்று, “மீதி திங்கக்கெழமை வந்துருமுங்க” என்று சமாளித்தார். யாரால் என்று அவர் சொல்லவில்லை.

தலைவர் துரைசாமி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையே வைத்துக்கொண்டார். என்னைப் பற்றிய பக்கத்தில் ‘நேர்மையானவர். ஆனால் தாமதமாக’ என்று எழுதியிருந்தார். அதற்கு அர்த்தம் கேட்டார் கைடு. தெரியவில்லை என்றேன்.

பேட்டரி சோதித்த அந்த வார ஞாயிறே, எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வந்தார் துரைசாமி அண்ணன். ஊர்க்காரர் என்ற உரிமையில் வந்தவர், மோர் குடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, அப்பாவிடம் ஒரு ‘ங்க’ குறையாமல் முழுக் கதையையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் டாக்டர். கல்யாணமாகி ஈரோட்டில் இருக்கிறேன். போன மாதம் அன்னூர் போயிருந்தபோது, மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. அப்பா ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் சுவருக்கு மேலே வந்தது:

“ஏனுங்க, உங்க பொண்ணு ஊட்டுக்கு வந்திருக்குதுங்களா?”