வீட்டுக்கு மிஞ்சாத ஐஸ்

ஃப்ரீஸரில் ஐஸ் தட்டு காலியாக இருந்தது. கடையிலிருந்து வந்ததும் ஐஸ் போட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் அவருக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது.

"ஐஸ் எங்கே?"

மனைவி பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். முகம் உம்மென்று உப்பியிருந்தது. காலையிலும் அவள் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தார். ஒன்றா இரண்டா, எதையென்று எடுப்பது!

அவர் செருப்புக்கடையில் விற்பனையாளர். வெடித்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "உங்க காலுக்குன்னே செஞ்சது மேடம்" என்று கூசாமல் சொல்வார். ஊருக்கெல்லாம் ஐஸ் வைத்துவிட்டு வீடு திரும்பும்போது வாயில் பேச்சே மிச்சமிருக்காது. சரி, இன்றைக்கு வீட்டுக்கும் கொஞ்சம் வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினார்.

"சமையல் வாசனை தெருமுனை வரைக்கும் வருது."

அவள் அடுப்பில் வெறும் வெந்நீர்தான் வைத்திருந்தாள்.

"இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு."

அவள் குனிந்து தன் நைட்டியைப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து அதில் கலர் என்று ஒன்றும் இல்லை.

"உன் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

வெறும் பேச்சு போதவில்லை என்று மறுநாள் ஐஸ்கிரீமே வாங்கி வந்தார். ஒரு வாய் வைத்ததும் அவள் கண்ணில் நீர் கொட்டியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தன்னை ஒரேயடியாக வெறுத்துவிட்டாளோ என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. கதவுக்கு வெளியே நின்று பேசினார்.

"நீ பேசாம இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியலம்மா. கடையில நாள் பூரா பேசுறேன், எதுவும் மனசுலேர்ந்து வர்றதில்ல. உன்கிட்ட நிஜமா சொல்ல எவ்வளவோ இருந்துச்சு. சொல்லாமலே விட்டுட்டேன்."

பின்னால் மகள் நின்றிருந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு முந்தாநாள் கடவாய்ப்பல் பிடுங்கித் தையல் போட்டிருக்கு. பேசக் கூடாதுன்னு சைகை காட்டினாங்க. ஐஸெல்லாம் கன்னத்துல வெச்சே தீர்ந்துபோச்சு. பல்லு எடுக்கப் போறேன்னு உங்ககிட்ட சொன்னாங்களே. 'ம்'னீங்க."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டில் ஐஸ் சுற்றிக் கன்னத்தில் ஒற்றியபடி, கல்யாணமான புதிதில் சொல்ல நினைத்து விட்டுப்போனதையெல்லாம் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலியோடு எவ்வளவு பொறுமை என்று அவருக்கு மனசு கரைந்தது.

தையல் பிரிக்க அவரே கூட்டிப்போனார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நர்ஸிடம் கேட்டார்.

"பாவம் சிஸ்டர், ஒரு வாரமா வாயே திறக்கல. இனிமேலாவது பேசலாமா?"

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பல் எடுத்த மறுநாளே தாராளமாப் பேசலாம்னு சொல்லித்தானே சார் அவங்களை அனுப்பினேன்?"