நோட்டில் என் பெயர் அந்தோணி

யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பீன்யா தொழிற்பேட்டையில் பதினான்கு வருடம் மெஷின் ஷாப் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மன்னிப்பு என்பது எதிரே நிற்பவர் என்னிடம் கேட்க வேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தேன். அப்பேர்ப்பட்டவன் வாழ்க்கையில் முதன்முதலாக மனதாரக் கேட்ட மன்னிப்பு, முன்பின் பார்த்திராத ஒருவரிடம், நான் சொல்லவே சொல்லாத ஒரு வார்த்தைக்காக. கையில் ஆறு வாழைப்பழம் வேறு.

பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, மழையில் வண்டி வழுக்கியது. ஹெல்மெட் இருந்தது. வண்டியின் கண்ணாடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. (அதுக்கு ஒரு கீறல்கூட விழலைங்க!) தலையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கை கால் எல்லாம் சரியாக இருந்தன. ஞாபகம்தான் ஓட்டை வாளி. பல் தேய்த்தேனா என்று சந்தேகம் வந்து காலையில் மூன்று முறை தேய்ப்பேன். கோபம் மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அல்சூரில் ஒரு மாடி ஹாலில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். ஒருவர் சட்டைக்குப் பொத்தான் போடப் பழகுவார், ஒருவர் பேசப் பழகுவார், ஒருவர் கோட்டின் மேல் நடக்கப் பழகுவார். கூட வரும் வீட்டுக்காரர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து எங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்கள். சில நாள் அழுகை கேட்கும். பல நாள் சிரிப்புத்தான்.

அங்கே தெரப்பிஸ்ட் காவ்யா மேடம். எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நோட்டு கொடுத்து, பிரவுன் அட்டை போட்டு, பெயர் ஒட்டியிருந்தார். அன்றைக்குச் செய்ய வேண்டியதை வீட்டில் எழுதித் தருவார்கள். செய்து முடித்து டிக் போட வேண்டும். மேடத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. அதைக் கன்னடம் கலந்த தமிழில் சொல்வார்.

"சேகர் அவரே, உங்க தலை ஒண்ணு சொல்லுது, நோட்டு ஒண்ணு சொல்லுதுன்னா நோட்டைத்தான் நம்பணும். ஆயித்தா?"

"ஆயித்து மேடம்."

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. குரூப் முடிந்ததும் தனியாகக் கிளம்பி, நோட்டில் உள்ள வேலைகளை முடித்து, தனியாகவே வீடு திரும்ப வேண்டும். தேறினால், வேலைக்குப் போகலாம் என்று மேடம் கடிதம் தருவார். ஃபேக்டரியில் மாசக் கடைசி வரைதான் இடம் பிடித்து வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் கடிதம் இல்லையென்றால் பதினான்கு வருட வேலை போச்சு.

மேனேஜர் நல்ல மனிதர். "மெஷின் பக்கம் இப்ப வேணாம் சேகர், ஸ்டோர்ஸ்ல உக்காருங்க" என்று இரண்டு முறை போன் செய்து சொன்னார். நான் இரண்டு முறையும் எகிறினேன். நட்டும் போல்ட்டும் எண்ணவா நான் பிறந்தேன்? "வந்தா சூப்பர்வைசர், இல்லைன்னா வீடு" என்றேன். வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்வேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் வந்து, எனக்கும் பார்த்து, என் கோபத்தையும் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி சுமதி, ஒத்துக்கொள்ளச் சொல்லித் தினமும் கெஞ்சினாள். அவளுக்கு நான் வேலைக்குப் போனால் போதும், எந்த நாற்காலி என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

டீ நேரத்தில் மேடம் டிக் பார்ப்பதற்காக நோட்டுகளை மேஜையில் அடுக்குவோம். கிளம்பும்போது மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அட்டையில் பெயர் இருந்தது. நான் பார்க்கவில்லை. (பார்க்கணும்னு நோட்டுல எழுதலையே!)

கீழே வந்து திறந்தேன். சுமதியின் கையெழுத்து திடீரென்று அழகாகியிருந்தது. பரவாயில்லை, பாவம், பரீட்சை என்று நிதானமாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"1. ஆறு வாழைப்பழம் வாங்கவும்." வாங்கினேன். டிக்.

"2. ஏரிக்குப் பின்னால், மூன்றாவது கிராஸ் தெரு, பச்சை கேட், மச்சான் வீடு."

எனக்கு மச்சான் கிடையாது. சுமதி வீட்டுக்கு ஒரே பிள்ளை. ரோட்டில் நின்று யோசித்தேன். தலை இல்லை என்கிறது, நோட்டு இருக்கிறது என்கிறது. சட்டப்படி எனக்கு ஒரு மச்சான் இருந்தாக வேண்டும். ஒரு மனுஷனையே மறந்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"3. ஈஸ்டர் அன்று எருமை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும். அவர் என்ன திட்டினாலும் எதிர்த்துப் பேசக் கூடாது. 4. மிக்ஸியை வாங்கி வரவும்."

நாங்கள் ஈஸ்டர் கொண்டாடுவதில்லை. ஆனால் யாரையோ எருமை என்று திட்டியிருப்பேன் என்பதை நான் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. நடந்தேன்.

பச்சை கேட்டைத் திறந்தவர் ஆறடி உயரம், பெரிய மீசை. பிறகு தெரிந்த பெயர், சவரிமுத்து. ரிட்டையரான பஸ் டிரைவர்.

"யாருப்பா நீ? இன்னா வோணும்?"

"மன்னிச்சிடுங்க மச்சான்" என்று பழத்தை நீட்டினேன்.

"எதுக்கு?"

நோட்டைப் பார்த்தேன். "ஈஸ்டர் அன்னிக்கு எருமைன்னு சொன்னதுக்கு."

அவர் முகம் சிவந்தது. "ஓஹோ! அவன் வாயால கேக்கமாட்டானாமா? ஆள் வெச்சு கேக்கறானா? ஏய் ஸ்டெல்லா, இங்க வந்து பாருடி கூத்தை!"

அடுத்த ஐந்து நிமிடம் அவர் திட்டினார். பதினான்கு வருடத்தில் என் முழு ஷிஃப்டையும் நான் திட்டியது அதில் கால்வாசி இருக்காது. நான் வாயே திறக்கவில்லை. எதிர்த்துப் பேசக் கூடாது என்று போட்டிருக்கிறதே. கடைசியில் அவர் மூச்சு வாங்க நின்றபோது, "மிக்ஸி?" என்றேன்.

அவர் மனைவி ஸ்டெல்லா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பேரு இன்னாங்க?"

தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று திருப்பினேன். "உங்கள் பெயர் அந்தோணி. உங்கள் மனைவி பிலோமினா" என்று இருந்தது.

இதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வாசலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் சேகராக இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஞாபகத்தை நம்பக் கூடாது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? அப்போது சுமதி யார்? அவள் என் மனைவி இல்லையா? அந்த ஒரு நிமிடம் பயந்ததைப்போல நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட பயப்படவில்லை.

"அந்தோணின்னு போட்டிருக்குங்க" என்றேன்.

ஸ்டெல்லா நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஐயோ, இது நம்ம பிலோமினா எழுத்து! அண்ணே, நீங்க அந்தக் குரூப்புக்குப் போறவரா? நோட்டு மாறிப் போச்சுண்ணே!"

அப்போதுதான் உறைத்தது. என் குரூப்பில் இருக்கும் பெயின்டர் அந்தோணி அண்ணன்! சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். எல்லாம் புரியும், பேச்சு வராது. "ஓகே", "சூப்பர்" இரண்டும் வரும். பதற்றம் வந்தால் வசவு வரும். அவர் மனைவி பிலோமினாவின் அண்ணன்தான் இந்தச் சவரிமுத்து. மீதியை ஸ்டெல்லா சொன்னார். ஈஸ்டர் விருந்தில் ரசம் கேட்க வாயைத் திறந்த அந்தோணி அண்ணன், பந்தியில் எல்லார் முன்னாலும் இவரை எருமை என்றுவிட்டார். அன்று சமையலுக்குக் கொண்டுவந்த மிக்ஸியைக்கூட எடுக்காமல் பிலோமினா அழுதுகொண்டே போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

"ரசம்னு சொல்ல வரலை, எருமைன்னு மட்டும் சுத்தமா வருதா?" என்றார் சவரிமுத்து. "வேணும்னே சொன்னான்."

"இல்லைங்க. எங்க குரூப்புல முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். நல்ல வார்த்தையைத் தேடணும், திட்டு தேடாமலே வந்துடும். எனக்கு தேடுற கஷ்டமும் இல்லை, நான் திட்டிட்டேதான் இருக்கேன்" என்றேன்.

ஸ்டெல்லா நோட்டில் அடியில் இருந்ததை வாசித்தார். "மன்னிப்புன்னு சொல்ல ஒரு மாசமா பழகியிருக்கீங்க. அப்படியும் வார்த்தை வரலைன்னா கையெடுத்துக் கும்பிட்டா போதும். அழாதீங்க."

சவரிமுத்து மீசையைத் தடவினார். ஸ்டெல்லா பிலோமினாவுக்குப் போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் பிலோமினா கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொம்மனஹள்ளி போகும் பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தவரைப் பிடித்து இறக்கினாராம். அந்தோணி அண்ணன் கையில் அரை லிட்டர் தயிர், கக்கத்தில் என் நோட்டு. மச்சானைப் பார்த்ததும் கேட்டருகே நின்றுவிட்டார். உதடு துடித்தது. "ம... ம..." என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. பிலோமினா கண்ணை மூடிக்கொண்டார்.

"எருமை!" என்றார் அந்தோணி அண்ணன். சொன்ன வேகத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

சவரிமுத்து இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்டா, எருமைதான். உள்ள வா, சாப்புடு."

எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தோம். பிறகுதான் என் நோட்டை வாங்கித் திறந்தேன். கடைசியில் இருந்த 'பொம்மனஹள்ளி பஸ் பிடித்து வீடு' தவிர எல்லாவற்றுக்கும் டிக். "1. தயிர்." டிக். "2. இரண்டு மணிக்கு மேனேஜருக்குப் போன் செய்யவும், நம்பர் கீழே. கோபப்படாமல் பேசவும்." டிக்!

பதறிப்போய் மேனேஜருக்குப் போன் அடித்தேன். "இப்பத்தானே வேற நம்பர்லருந்து பேசினீங்க சேகர்? என்ன பொறுமையா பேசினீங்க! நான் ஸ்டோர்ஸ்னு சொன்னதும் ஓகே, சூப்பர்னீங்களே, எனக்கு ரொம்ப குஷியாயிடுச்சு. ஆர்டர் அடிக்கச் சொல்லிட்டேன்."

எகிறலாம் என்று வாயைத் திறந்தேன். ஐந்து நிமிடம் திட்டு வாங்கிய களைப்பு. "ஓகே சார்" என்றேன்.

மிக்ஸியைப் பிலோமினாவிடம் ஒப்படைத்து, நாலாவது டிக்கும் போட்டுவிட்டு வீடு வந்தேன். சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விபத்துக்குப் பிறகு அவள் அப்படி விழுந்து விழுந்து சிரித்து அன்றுதான் பார்த்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசமா நான் கெஞ்சினது, வாய் பேச வராதவர் ஒரு வார்த்தையில முடிச்சுட்டாரே" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

காவ்யா மேடம் என்னை ஃபெயிலாக்கினார். "நூத்துக்கு நூறு, சேகர் அவரே. ஆனா மார்க் அந்தோணி அவருக்கு." அடுத்த வாரம் மறுபரீட்சை வைத்து, மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது கடிதம் தந்தார். இப்போது எல்லார் நோட்டிலும் முதல் வேலை, அட்டையில் பெயர் பார்ப்பது. நான் இன்னும் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறேன். அங்கே எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ரெஜிஸ்டரைப் பார்த்தால் போதும். எனக்கென்றே செய்த வேலை, இதை முன்பே ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் சுமதி, "இப்ப பேசறது சேகரா, அந்தோணியா?" என்பாள். அந்தோணி என்றுதான் சொல்வேன், அவருக்குத்தான் நல்ல பெயர்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. எல்லாம் புரிகிற மனிதர். அது என் ஃபேக்டரி மேனேஜர் என்று தெரியாமலா போன் செய்திருப்பார்? சனிக்கிழமைதோறும், "அண்ணே, தெரிஞ்சேதானே செஞ்சீங்க?" என்று கேட்கிறேன்.

என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "சூப்பர்" என்கிறார்.